ஈரோட்டு வெயிலில் ஒரு கிரெஸ்டட் கெக்கோ

கெக்கோ என்கிற பல்லி வகையை வீட்டில் வளர்ப்பதைப் பற்றித் தேடினால் கிடைப்பதெல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியது. தொட்டி சூடாக இல்லாவிட்டால் என்ன விளக்கு போடுவது, ராத்திரி குளிர் ஏறினால் எந்தச் சூடாக்கும் விரிப்பை (மேட்) அடியில் வைப்பது என்று பக்கம் பக்கமாக இருக்கும். சித்திரை மாதம் மத்தியானம் ரெண்டு மணிக்கு, கரண்டும் இல்லாத நேரத்தில், ஈரோட்டு மெத்தை வீட்டுக்குள் என்ன செய்வது என்று ஒரு வரி கிடையாது. நான் தேடாத இடமில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஈரோடு, கரூர், திருப்பூர், நாமக்கல் பக்கம் யாராவது இந்த ஜீவனை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு உதவட்டும்.

இது என் மகன் வளர்த்தது. அவன் குன்னூரில் வேலையில் இருந்தபோது பெங்களூரில் இனப்பெருக்கம் செய்கிற ஒருவரிடம் ரசீது போட்டு வாங்கினான். வெந்த சோளத்தின் நிறத்தில் இருந்ததால் சோளம் என்றே பெயர். மேற்படிப்புக்கு வெளிநாடு கிளம்பும்போது தொட்டி, விளக்கு, பொடி டப்பா, சூடாக்கும் மேட் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து முன் ரூமில் இறக்கினான். என் வீட்டுக்காரருக்கு லாரித் தொழில். மாதத்தில் பாதி நாள் நாக்பூர், ராய்ப்பூர் என்று ரோட்டில்தான் இருப்பார். ஆக வீட்டில் நானும் மாமியாரும் சோளமும்தான். மாமியார் தொட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “ஏம் அம்மிணி, ஊட்டுச் செவுத்துல இருக்கற கவுளி பத்தாதுன்னு காசு குடுத்து வேற வாங்கோணுமா?” என்றார். அன்றைக்கு எனக்கும் அதே கேள்விதான் மனசுக்குள், வாய்விட்டுக் கேட்கவில்லை.

முதலில் இது என்ன ஜீவன் என்று சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. கிரெஸ்டட் கெக்கோ என்பது பசிபிக் கடலில் இருக்கும் நியூ கலிடோனியா தீவுகளின் பல்லி. அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்ததை 1994இல் மறுபடி கண்டுபிடித்தார்கள். இன்று உலகம் முழுக்க வீடுகளில் வளர்வது அதற்குப் பிறகு கூண்டில் பெருகிய வம்சம். கண்ணுக்கு மேலே இமை மயிர் மாதிரி முள் வரிசை, இமை கிடையாது, கண்ணை நாக்கால்தான் துடைத்துக்கொள்ளும். பகலெல்லாம் தூங்கி ராத்திரி நடமாடும். நல்ல பழத்தையும் பூச்சியையும் தின்னும். வளர்ந்தது நாற்பது கிராமுக்கு முன்னே பின்னே இருக்கும். வால் விழுந்தால் நம் வீட்டுப் பல்லிக்கு முளைப்பது போல இதற்கு மறுபடி முளைக்காது. இதற்கு 22 முதல் 26 டிகிரி வரை இருந்தால் சுகம். 28ஐத் தாண்டி நீடித்தால் துன்பம். முப்பதுக்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து. குன்னூரில் இது ஒரு பிரச்சினையே இல்லை. அங்கே ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும், குளிர்காலத்தில்தான் மேட் தேவைப்பட்டது. மகன் எழுதிக் கொடுத்துப் போன தாளில் முதல் வரியே “ராத்திரி மேட் ஆன் பண்ணணும்” என்பதுதான். குன்னூருக்கு அது சரி. ஈரோட்டில் அந்த மேட்டை அட்டைப்பெட்டியிலிருந்து எடுக்க வேண்டிய நாளே வரவில்லை. மார்கழியில்கூட முன் ரூம் 22க்குக் கீழே போனதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், “ஃபாரஸ்ட்காரங்க வந்து புடிச்சுட்டுப் போயிருவாங்க, பாத்துக்கங்க” என்று பயமுறுத்தினார். கேட்டதும் கை கால் ஓடவில்லை. அதனால் அதையும் விசாரித்தேன். 2022இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி, சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியல்களில் இருக்கும் வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024இல் வந்தன. கைமாறினாலும், குட்டி போட்டாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். டோக்கே கெக்கோ என்ற வேறொரு பல்லி 2019லிருந்து அந்தப் பட்டியலில் இருக்கிறது. வடகிழக்கு மாநிலங்களில் இயற்கையாக வாழ்கிற அதைப் பிடிப்பதும் விற்பதும் நம் நாட்டில் குற்றம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தங்கப் பல்லியும் பாதுகாக்கப்பட்டதுதான். ஆகவே நீங்கள் வாங்குவதாக இருந்தால் இனத்தின் அறிவியல் பெயரை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள், அந்தப் பெயரைப் பட்டியலில் தேடிப் பாருங்கள், பட்டியல் மாறிக்கொண்டே இருப்பதால் அவ்வப்போதும் பாருங்கள். “பில்லெல்லாம் வேண்டாம்ங்க, சும்மா எடுத்துட்டுப் போங்க” என்று சொல்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

சரி, வெயிலுக்கு வருகிறேன். பங்குனி பிறந்ததுமே முன் ரூம் முப்பதைத் தொட ஆரம்பித்தது. பகலில் ஏ.சி. போட்டேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்டு பில் 500 யூனிட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்று நம் ஊரில் குடும்பம் நடத்துகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே தாண்டும் யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. கீழே கிடைத்த சலுகையும் போய்விடும். அந்தக் கோடையில் இரண்டு பில்லில் மட்டும் வழக்கத்தைவிடக் கிட்டத்தட்ட 7,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினேன். அது போகட்டும். ஏ.சி. காற்றை உலர்த்திவிடும் என்பதை யாரும் சொல்லவில்லை. கிரெஸ்டட் கெக்கோவுக்கு ராத்திரி ஈரப்பதம் 70, 80 சதவீதம் வரை ஏறி, பகலில் 50 பக்கம் இறங்க வேண்டும். ஏ.சி. ரூமில் அது 35க்குப் போய் நின்றது. சோளத்தின் தோல் சரியாக உரியாமல் விரல் நுனியில் வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டது. அப்படியே விட்டால் ரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடுமாம். நனைத்துப் பிழிந்த துணி விரித்த டப்பாவில், மூடியில் ஓட்டை போட்டு, கால் மணி நேரம் வைத்து, பிறகு ஈரக் காது குச்சியால் மெல்ல உருட்டி எடுத்தேன். பிய்த்து இழுக்கவே கூடாது.

அப்புறம்தான் அந்த மின்தடை நாள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் நாலு வரை. பேப்பரில் முன்னாடியே போட்டிருந்தார்கள், இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். இன்வெர்ட்டர் ஃபேனைத்தான் ஓட்டும், ஏ.சி.யை ஓட்டாது. ஃபேன் சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி விட்டது. பதினொன்றரைக்கு 31. ஒரு மணிக்கு 34. மேலே இலைக்கு நடுவில் ஒட்டிக்கொண்டு தூங்குகிற பிராணி கீழே இறங்கி, தொட்டித் தரையில் வயிறு படப் படுத்து, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மகனுக்கு அப்போது நடுராத்திரி, போன் எடுக்கவில்லை. வீட்டுக்காரர் எங்கேயோ தாபாவில். தெரிந்த கால்நடை டாக்டருக்குப் போன் போட்டால், “மாடு, ஆடு, நாய்னா சொல்லுங்க வர்றேன், பல்லிக்கெல்லாம் எனக்குத் தெரியாதுங்க” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரே. இன்னொரு இடத்தில் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள். அதுதான் வலித்தது.

அன்றைக்குக் காப்பாற்றியது மாமியார் சொன்ன சாக்கு. “பால் கேனுக்கு ஈரச் சாக்குச் சுத்துவமல்ல, அது மாதிரி பண்ணு” என்றார். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் பாத்ரூம் தரைதான். வடக்குப் பார்த்தது, மேலே தண்ணீர்த் தொட்டி நிழல். சோளத்தைக் காற்று போகிற பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, கீழே நனைத்த சாக்கு, சுற்றிலும் நனைத்த வேட்டி, பக்கத்தில் இன்வெர்ட்டரில் ஓடும் டேபிள் ஃபேன். அரை மணி நேரத்தில் டப்பாவுக்குள் 28. மூக்கு நுனியில் சாதாரணத் தண்ணீரைச் சொட்டு சொட்டாக விட்டேன், நக்கியது. சாயங்காலம் கரண்டு வந்து இருட்டின பிறகு சுவரேறியது. மறுநாள் எடை போட்டதில் 41 கிராம் இருந்தது 37க்கு வந்திருந்தது. நம் கணக்குக்கு நாலு கிராம் ஒன்றுமில்லை. அந்த உடம்புக்கு அது பத்தில் ஒரு பங்கு.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டியது. ஐஸ் தண்ணீரில் முக்குவது, ஐஸ் கட்டியைத் தொட வைப்பது வேண்டாம். திடீர்க் குளிர்ச்சியும் அதிர்ச்சிதான். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றித் தொட்டிக்கு மேலே வலை மூடியின் ஓரத்தில் வைக்கலாம். குளிர்ந்த காற்று கீழே இறங்கும். இன்னொன்று, ஈரத்துணி வித்தை நம் பக்கத்து வறண்ட வெயிலில்தான் நன்றாக வேலை செய்யும். காற்று காய்ந்திருக்கும்போது தண்ணீர் சீக்கிரம் ஆவியாகி, ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கடலோரப் புழுக்கத்தில் அது இந்த அளவுக்குப் பலிக்காது. அதே காரணத்துக்காகத்தான் பிறகு ஏ.சி.யைக் குறைத்துக்கொண்டு 8,500 ரூபாய்க்கு ஒரு ஏர் கூலர் வாங்கினேன். சூடும் இறங்குகிறது, ஈரப்பதமும் ஏறுகிறது, கரண்டும் குறைவு. முன் ரூமின் மேற்குச் சுவர் மத்தியானத்துக்கு மேல் கொதிக்கும் என்பதால் தொட்டியை வடக்கு ரூமுக்கு மாற்றினேன். சித்திரை, வைகாசியில் மத்தியானம் ஏ.சி. இன்னும் தேவைதான், ஆனால் நாள் முழுக்க இல்லை. மின்தடை அறிவிப்பு வந்தால் முதல் நாள் ராத்திரியே ஃப்ரீசரில் பாட்டில் வைத்துவிடுவேன்.

தொட்டியில் தண்ணீர் தெளிப்பது சாயங்காலம் ஒருமுறை நன்றாக, தேவைப்பட்டால் விடியற்காலை லேசாக. இந்தப் பிராணி கிண்ணத்தில் குடிப்பதைவிட இலையில் நிற்கும் சொட்டை நக்கிக் குடிக்கவே விரும்பும். எங்கள் போர் தண்ணீர் சப்பைத் தண்ணி. தெளித்த ஒரு வாரத்தில் கண்ணாடி முழுக்க வெள்ளைப் படலம், அப்புறம் ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறினேன். பகலில் தொட்டி கொஞ்சம் காய வேண்டும், எந்நேரமும் நசநசவென்று வைத்தால் பூஞ்சை வரும். ஒற்றைக் கெக்கோவுக்கு ஒன்றரை அடி நீள அகலமும் இரண்டடி உயரமும் உள்ள தொட்டி போதும். உயரம்தான் முக்கியம், மரத்தில் வாழ்கிற ஜாதி.

சாப்பாட்டுக் கதை இதைவிட மோசம். கிரெஸ்டட் கெக்கோவின் பெரிய சௌகரியமே, அதற்கென்று தயாரித்த பழப் பொடி வருவதுதான். ஒரு பங்கு பொடிக்கு இரண்டு பங்கு தண்ணீர், இட்லி மாவைவிடக் கொஞ்சம் நெகிழக் கரைத்து, இருட்டின பிறகு சின்ன மூடியில் உயரத்தில் வைக்க வேண்டும். வளர்ந்ததற்கு வாரம் மூன்று ராத்திரி போதும். காலையில் மிச்சத்தை எடுத்துக் கொட்டிவிட வேண்டும், நம் ஊர்ச் சூட்டில் ஒரே ராத்திரியில் புளித்துவிடும். இந்தப் பொடியில் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி3யும் கலந்தே இருக்கும். மகன் வைத்துவிட்டுப் போனது தீர்ந்ததும் நெட்டில் ஒருவரிடம் 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். வந்தது கம்பெனி டப்பா இல்லை, ஜிப் கவரில் பிரித்துக் கட்டிய பொடி. தேதி இல்லை, பெயர்ச் சீட்டு மட்டும் ஒட்டியிருந்தது. கேட்டதற்கு, பெரிய டப்பாவைப் பிரித்துத்தான் எல்லோருக்கும் அனுப்புகிறோம் என்றார்கள். சோளம் முதல் வாரம் நக்கியது, அப்புறம் முகர்ந்துவிட்டுப் போய்விடும். நல்ல பொடி திறந்த பிறகும் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டியது. இது எந்தக் கோடவுனில் எத்தனை கோடையைப் பார்த்ததோ. வைட்டமின்கள் சூட்டில் கெட்டுப்போகும். பணம் திரும்ப வரவில்லை. தேதியும் சீலும் இல்லாத பொடியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நல்ல சரக்கு கிடைக்கச் சில வாரம் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் வாழைப்பழத்தை மசித்துத் தேன் கலந்து கொடுங்கள் என்று வளர்ப்புப் பிராணிக் கடையில் யோசனை சொன்னார்கள். வாழைப்பழத்துக்கு நம் ஊரில் என்ன பஞ்சம்? சத்தியமங்கலம், கோபிப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய வரை வாழைத் தோட்டம்தான். சோளம் அதை ஆசை ஆசையாகத் தின்றது, எடையும் ஏறியது, எனக்கும் நிம்மதி. ஆனால் வாழைப்பழத்தில் 100 கிராமுக்கு சுண்ணாம்புச் சத்து 5 மில்லிகிராம்தான், பாஸ்பரஸ் 22. பல்லிக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்: பாஸ்பரஸ் ஒன்று என்றால் சுண்ணாம்பு இரண்டு. பாஸ்பரஸ் மிஞ்சினால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவ ஆரம்பிக்கும். பழமே கொடுக்க வேண்டியிருந்தால் அத்திப்பழம், பப்பாளி இரண்டும் மேல். இரண்டிலும் பாஸ்பரஸைவிட இரண்டு மடங்கு சுண்ணாம்பு இருக்கிறது. மாம்பழம் ருசிக்கு ஒரு நக்கல் போதும். எலுமிச்சை, ஆரஞ்சு வகை வேண்டவே வேண்டாம். எந்தப் பழமானாலும் அது பொடிக்கு மேலே ஒரு தொட்டுக்கை, பொடிக்குப் பதில் இல்லை. மனிதக் குழந்தைக்கான பழக்கூழ் டப்பாவும் அப்படித்தான்.

எலும்பு கரைவது திடீரென்று தெரியாது. முதலில் கண்ணில் பட்டது வால். நேராக இருந்தது அலை அலையாக நெளிந்தது. அப்புறம் குதித்தால் பிடிப்பு தவறிக் கீழே விழுந்தது. ஒரு ராத்திரி கையில் ஏறும்போது பின்னங்கால் வெடவெடவென்று நடுங்கியது. கீழ்த் தாடை கொஞ்சம் தொங்கினாற்போல இருந்தது. வாயைத் திறக்கும்போது மேலண்ணத்தில் இரண்டு வெள்ளைப் பை தெரிய வேண்டும், அதுதான் அவை சுண்ணாம்பைச் சேமித்து வைக்கும் இடம்; சோளத்துக்கு அவை கண்ணுக்கே தெரியவில்லை. இந்த அடையாளங்களில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். நடுக்கம் வந்துவிட்டால் அது முற்றிய நிலை.

டாக்டரைத் தேடியதுதான் பெரிய பாடு. ஊர்வனவுக்குப் பார்ப்பவர்கள் நம் பக்கத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. போவதற்கு முன்னால் போன் செய்து, ஊர்வன பார்க்கிறவர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது. எனக்குக் கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் கிடைத்தார். சோளத்தைக் கொண்டுபோனது விடிகாலை ரயிலில். சின்னத் தெர்மாகோல் பெட்டியில் காற்று ஓட்டை, உள்ளே ஈரத் துணி போட்ட டப்பா, ஓரத்தில் துணி சுற்றிய குளிர்ந்த பாட்டில். பக்கத்து சீட்டு அம்மா ஊசி மருந்தா என்று கேட்டார், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பல்லி என்றால் ரயில் பெட்டியே காலியாகியிருக்கும்.

எக்ஸ்ரேயில் எலும்பு காகிதம்போல் தெரிந்தது. சுண்ணாம்பு மருந்தைச் சொட்டுக் கணக்கில் கொடுக்கச் சொன்னார். மனிதர்கள் குடிக்கிற கால்சியம் டானிக்கை நாமே அளந்து ஊற்றக் கூடாது, டி3 கூடினாலும் விஷம்தான் என்று கண்டிப்பாகச் சொன்னார். குறைந்த அளவு யுவிபி (புற ஊதாக் கதிர்) விளக்கு ஒன்று போடச் சொன்னார், 3,800 ரூபாய். “ஈரோட்டில் இல்லாத வெயிலா, ஜன்னலோரம் வைத்தால் போதாதா?” என்று கேட்டேன். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை வடிகட்டிவிடும், சூட்டை மட்டும் உள்ளே விடும், கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்தால் சில நிமிஷத்தில் வெந்துவிடும் என்றார். அந்த விளக்கையும் வலைக்கு மேலே, சூடு அடிக்காத தூரத்தில் வைக்க வேண்டும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் மாற்றவும் வேண்டும். வெளிச்சம் வந்துகொண்டே இருக்கும், கதிர் மட்டும் குறைந்துபோயிருக்கும்.

டாக்டர் ஃபீஸ், எக்ஸ்ரே, மருந்து, விளக்கு, போக்குவரத்து, வீணாய்ப்போன பொடி, கூலர், கரண்டு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அந்த வருஷம் 31,000 ரூபாய்க்குக் கிட்டப் போயிருக்கிறது. மகன் அதை வாங்கிய விலை 12,000. மாமியாருக்குப் பாதிக் கணக்குத்தான் சொல்லியிருக்கிறேன். மருந்து கொடுத்து முடிய ஏறக்குறைய நாலு மாதம் ஆனது; ராத்திரி எட்டரைக்கு ஊட்ட வேண்டும் என்பதால் ஒரு கல்யாணம் காட்சிக்குக்கூட ராத்தங்கிப் போக முடியவில்லை. நடுக்கம் நின்றுவிட்டது, பிடிப்பு திரும்பிவிட்டது. நெளிந்த வாலும் லேசாக ஒதுங்கிய தாடையும் அப்படியேதான் இருக்கும், வளைந்த எலும்பு நிமிராது.

பூச்சி விஷயத்தில் நம் பக்கத்துக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. கிரெஸ்டட் கெக்கோவுக்கு வாரம் ஒருமுறை பூச்சி கொடுத்தால் நல்லது; அதன் இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைவிடப் பெரிய பூச்சி கூடாது. கடையில் விற்கும் மாவுப்புழுவில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்பு மிகக் குறைவு. சுண்ணாம்புப் பொடியில் புரட்டித்தான் போட வேண்டும். வெட்டுக்கிளியை வயலில் பிடித்துப் போடலாமே என்று தோன்றும். மஞ்சள் காட்டிலும் நெல் வயலிலும் என்ன மருந்து எப்போது அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் சொந்தக்காரர் ஒருவர் கோபி பக்கம் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறார். அவரிடம் இரண்டாம் தோலுரிப்பு முடிந்த சின்னப் புழுக்களை ஒரு கைப்பிடி இலையோடு வாங்கி வருவேன். பட்டுப்புழு பூச்சிமருந்து பட்ட இலையைத் தின்றால் தானே செத்துவிடும். அதனால் உயிரோடு கொழுகொழுவென்று இருக்கிற புழு என்றால் இலை சுத்தம் என்று கொஞ்சம் நம்பலாம். தட்டில் கிருமிக்காகத் தூவும் சுண்ணாம்பும் பவுடரும் ஒட்டியிருக்கும், அதனால் தூவிய அன்றைக்கு வாங்குவதில்லை. ஒருநாள் நல்ல இலையில் விட்டுவிட்டுத்தான் கொடுப்பேன். மெத்தென்று ஈரப்பசையோடு இருப்பதால் தாடை பலவீனமான நாட்களில் சோளத்துக்கு அதுதான் சுலபமாக இறங்கியது. மழைக்கு வரும் ஈசலையும் தோட்டத்து மின்மினியையும் பிடித்துப் போட வேண்டாம். மின்மினியின் உடம்பில் பல்லிகளைக் கொல்கிற விஷம் இருக்கிறது.

வீட்டுக்குள் இருக்கும் விஷத்தையும் பாருங்கள். கரப்பான் ஸ்ப்ரே, எறும்புச் சாக்பீஸ், கொசுவர்த்தி, பிளக்கில் சொருகும் கொசு மருந்து எதுவும் அந்த ரூமில் வேண்டாம். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை தொட்டி ரூமுக்கு வராது என்று மாமியாரிடம் ஒப்பந்தமே போட்டிருக்கிறேன். செத்த கரப்பானைத் தின்ற சுவர்ப்பல்லி தொட்டிக்குள் நுழையாமல் வலை மூடியைக் கிளிப் போட்டு இறுக்கி வைக்கிறேன். வெளிப்பல்லி ஒட்டுண்ணியையும் கொண்டுவரும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம். ஊர்வன பார்க்க ஆரோக்கியமாக இருந்தாலும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும். சின்னக் குழந்தைகளும் வயசானவர்களும் இருக்கிற வீட்டில் சமையலறைத் தொட்டியில் அதன் கிண்ணத்தைக் கழுவாதீர்கள்.

வாங்க வேண்டிய சாமான்களில் முதல் இடம் எது என்று கேட்டால், விளக்கோ பொம்மைக் கொடியோ இல்லை, 400 ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் தராசு. வாரம் ஒருமுறை எடை போட்டுக் காலண்டரில் எழுதுங்கள். அடுத்தடுத்து இறங்கினால் ஏதோ சரியில்லை. ஆனால் வாழைப்பழத்தில் ஏறிய எடை என்னை ஏமாற்றியது என்பதால் வாலையும் தாடையையும் சேர்த்துப் பாருங்கள். அதோடு ஈரப்பதமும் சூடும் சேர்த்துக் காட்டும் மீட்டர் இரண்டு, ஒன்று மேலே ஒன்று கீழே. ரெண்டுக்கும் மூன்று டிகிரி வரை வித்தியாசம் இருக்கும்.

இப்போது சோளம் 43 கிராம். குன்னூர், கோத்தகிரி, வால்பாறைப் பக்கம் இருப்பவர்கள் தாராளமாக யோசிக்கலாம். கோயம்புத்தூரில் மேற்கே மலையடிவாரத்தில் இருந்தால் கோடையில் இரண்டு மாதம் மட்டும் பாடு. ஈரோடு, கரூரில் இருப்பவர்கள் வாங்கும் முன்னால் சித்திரை மாதம் ஒரு மத்தியானம், எல்லா ஃபேனையும் நிறுத்திவிட்டு, தொட்டி வைக்கப்போகும் இடத்தில் தெர்மாமீட்டரை ரெண்டு மணி நேரம் வைத்துப் பாருங்கள். அப்புறம் முடிவு செய்யுங்கள். போன வாரம் நாத்தனாரிடம் பொடி கரைக்கும் விதம் சொல்லிக்கொடுத்துவிட்டு, இது பதினைந்து இருபது வருஷம் இருக்குமாம் என்றேன். “அப்ப உங்க பையன் கல்யாணத்துக்கு வர்றவகிட்ட இதையும் சேத்துச் சொல்லிப்புடுங்க அண்ணி” என்றாள்.